வலது கையின் மகன்

ஞானஸ்நானத் தொட்டியருகே போதகர் பிள்ளையின் பெயரைக் கேட்டதும், "பென்யமீன்" என்றான் தவசிமணி, சத்தமாகவே. மர அறுவை மில் அவன் வலது கையை வாங்கிக்கொண்டு நான்கு மாதம் ஆகிறது. வெறும் சட்டைக்கையை எப்போதும் நெஞ்சுப் பையில் செருகி வைத்திருப்பான். போதகரின் பார்வை அங்கே போய் நின்றது.

"அர்த்தம் தெரியுமாப்பா?"

"வலது கையின் மகன்."

பின்னாலிருந்து அவன் அக்கா செல்லக்கனி முணுமுணுத்தாள். "வயித்துல இருக்கும்போதே அப்பன் கையைக் காவு வாங்குனதுக்கு இந்தப் பேராக்கும்!"

ஊரே சொல்லும் பேச்சுதான். தவசிமணி போதகரையே பார்த்தான்.

"பைபிள்ல, பிள்ளை பெத்துச் சாகப்போற ராகேல், அதுக்கு 'என் துக்கத்தின் மகன்'னுதான் பேரு வச்சா. அப்பன் யாக்கோபு அதை மாத்தித்தானே ஐயா இந்தப் பேரை வச்சாரு? நானும் அப்பன்தான்."

பக்கத்தில் குனிந்தே நின்ற அவன் மனைவி தலை நிமிர்ந்தாள்.

தண்ணீர் பட்டு வீறிட்ட பிள்ளையை அவன் இடக்கையில் வாங்கி மார்போடு அணைத்தான். பிஞ்சு விரல்கள் சட்டைக்கையைப் பற்றிப் பையிலிருந்து வெளியே இழுத்தன. அவன் அதை எடுத்துச் செருகவில்லை. அப்படியே சபையைப் பார்த்துத் திரும்பி நின்றான்.