பெருத்துப்போன இலை

மென்ற இலையைச் செல்லியின் காலடியிலேயே துப்பினார் மருந்துக் கம்பெனி அதிகாரி ராஜப்பன். "கசந்துட்டா சிறுகுறிஞ்சானா? கசக்கிற எலை ஆயிரம் இருக்கு!"

எண்பத்தொன்பதாம் வருஷத்துக் கார்த்திகை வெயிலில், மொரப்பூர் ரயிலடியில் பதினோரு மூட்டைகள் பிரிந்து கிடந்தன. தீர்த்தமலைக் காட்டில் செல்லியும் பதினான்கு பெண்களும் முள்ளில் கிழிபட்டுப் பறித்த இலை. நீரிழிவு மருந்துக்காகச் சென்னைக்குப் போகவேண்டியது.

ராஜப்பன் ஒரு இலையின்மேல் ஸ்கேலை வைத்தார். "புத்தகத்துல ரெண்டு அங்குலம். இது மூணரை. பெருங்குறிஞ்சானைக் கலந்து ஏமாத்தறியா?"

"மழ நல்லா பேஞ்சுதுங்க சார். அதான் எல பெருத்துப்போச்சு."

"அமெரிக்காவுல டி.என்.ஏ.வைப் பார்த்தே செடியை இனம் பிரிக்க ஆரம்பிச்சுட்டான். நான் உன் வாய்ப்பேச்சை நம்பணுமா?"

அந்த எழுத்துகள் செல்லிக்குப் புரியவில்லை. அவருடைய இளக்காரம் நன்றாகவே புரிந்தது.

இத்தனை வருஷம் செல்லியிடம் இலை வாங்கிக் கம்பெனிக்கு விற்ற வியாபாரி முனாப் பாயும் கட்சி மாறிவிட்டார். "கலப்படம்னு எழுதிடுங்க சார். இனிமே இவங்ககிட்ட ஒரு கொத்து எலகூட வாங்க மாட்டேன்."

அப்படி எழுதிவிட்டால் தாலுகாவில் வேறு யாரும் வாங்க மாட்டார்கள். பதினைந்து வீட்டு அடுப்பும் அதோடு சரி. ராஜப்பன் பேனா மூடியைக் கழற்றினார்.

செல்லி ரயிலடி டீக்கடைக்குப் போனாள். "ரெண்டு டீ குடுங்கண்ணா. சக்கரைய அள்ளிப் போடுங்க."

கூட இலை பறிக்கும் நஞ்சம்மாள் பல்லைக் கடித்தாள். "காலுகிட்ட துப்புனவனுக்கு டீயா? காக்கா புடிக்கப் போறியா? தூ, வெக்கங்கெட்டவளே!"

செல்லி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டம்ளர்களை முந்தானையால் துடைத்து, பணிவாக இருவரிடமும் நீட்டினாள்.

"டீ குடுத்தா எழுதாம விட்டுடுவேனா?" முறைத்துக்கொண்டே ஒரு வாய் குடித்தார் ராஜப்பன். முகம் கோணிற்று. "கொழுப்பா உனக்கு? சக்கரையே போடாம குடுக்கறே!"

முனாப் பாய் தன் டம்ளரை எட்டிப் பார்த்தார். "எனக்குப் பாயசமா இனிக்குதே சார்..."

ராஜப்பன் விடுவிடுவென்று டீக்கடைக்கு நடந்தார். டப்பாவைத் திறந்து, ஒரு கரண்டிச் சர்க்கரையை அப்படியே வாயில் போட்டார். மணலை மென்றதுபோல் நறநறத்தது. அவ்வளவுதான்.

திகைத்துத் திரும்பியவரின் எதிரே செல்லி நின்றாள்.

"எங்கூர்ல நீங்க மென்னு துப்புன அந்த எலைக்குச் சக்கரைக்கொல்லின்னு பேருங்க சார்."