தனியறையில் ஒரு கேள்வி

ஆங்கிலேயர் ஆண்ட காலத்து அமெரிக்காவில், மேரிலாண்ட் காலனியின் சட்டம் டார்கஸுக்கென்று எதையும் விட்டுவைக்கவில்லை. அவள் நெய்த துணியும் காலில் கிடந்த செருப்பும்கூடக் கல்யாணத்தன்றே புருஷன் ஒபதையாவுக்குச் சொந்தமாகிவிட்டன. தகப்பன் அவளுக்குக் கொடுத்த ஆப்பிள் தோட்டத்தை அவன் விற்பதற்கு மட்டும், நீதிபதி அவளைத் தனியே அழைத்துச் சம்மதம் கேட்டாக வேண்டும்.

அதற்காகத்தான் ஒபதையா அவளை நீதிமன்றத்துக்கு அழைத்து வந்திருந்தான்; தோட்டத்தை வாங்குபவனும் வந்து காத்திருந்தான். நீதிபதி விட்லாக் அவளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். கதவிடுக்கில் ஒபதையாவின் பூட்ஸ் முனை தெரிந்தது. ஒட்டுக்கேட்பதைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியாத மனுஷன், என்று நினைத்துக்கொண்டாள்.

"புருஷன் அடிக்கலே, மிரட்டலே. நீயா மனசாரச் சம்மதிக்கிறே. அப்படித்தானேம்மா?"

அவர் கையிலிருந்த பத்திரத்தில் அவளுடைய சம்மதம் எழுதி, மை காய்ந்திருந்தது.

"இல்லீங்க. சம்மதமில்லே."

இத்தனை வருஷத்தில் எந்தப் பெண்ணும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. "சம்மதம்னு எழுதிட்டேனேம்மா! கப்பல்ல வந்த காகிதம், வீணாப் போயிடுமே."

ஊரே கைகட்டி நிற்கும் அந்தப் பெரிய மனிதரை டார்கஸ் மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"பதிலையும் நீங்களே எழுதிட்டு, என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

தோட்டத்தை வாங்க வந்தவன் முணுமுணுத்தபடி குதிரையேறிப் போனான்.

வீட்டுக்கு ஒரே வண்டியில்தான் திரும்ப வேண்டும். ஒன்பது மைல் காடு. மனைவியை அடித்துத் திருத்தப் புருஷனுக்கு உரிமை உண்டென்று சொன்னதும் அதே சட்டம்தான். ஒபதையா பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியருகே நின்றான்.

டார்கஸ் முதலில் ஏறி உட்கார்ந்து, லகானைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"ஏறுறீங்களா, நடந்து வர்றீங்களா?"