வாடகை வண்டி

முதுவேனில் தன் இறுதி நாள்களில் நின்றது. திரை எழுப்பவும் மனமின்றிக் கடல் கிடந்தது. காற்று எங்கோ நோன்பிருந்தது. வரப்போகும் முதல் மழைக்காக வானும் மணலும் வாய்பேசாமல் காத்திருந்த பருவம் அது. காத்திருக்கவே தெரியாத ஒருவர் அப்போதுதான் அந்தக் கடலோரச் சிறுநகருக்கு வந்து சேர்ந்திருந்தார்.

“நீங்க இப்படிக் குறுக்கும் நெடுக்கும் நடந்தா, உள்ள இருக்கற குழந்தை பயந்துக்கிட்டு வெளியவே வராது! ஒரு வண்டியை எடுத்துக்கிட்டு ஊரைச் சுத்திப் பாத்துட்டு வாங்க. நர்ஸம்மா பத்து மணிக்கு வந்துடுவாங்க” என்று விரட்டினாள் மனைவி.

மகளுக்கு விடியலிலேயே வலி கண்டிருந்தது. தலைப்பிரசவம். பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று மணி நேரப் பயணம். உள்ளூரில் பேறு பார்க்க ஒரே ஒரு நர்ஸ்தான். முப்பது ஆண்டுகள் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து, நிமிடம் பிசகாமல் ரயில்களை வழியனுப்பியவரால் மகளின் முனகலைப் பொறுக்க முடியவில்லை. கிளம்பினார்.

வாடகை வண்டிக் கடைக்காரர் கருவிப் பெட்டியோடு வெளியே ஓடிக்கொண்டிருந்தார்.

“வழியில ஒருத்தர் பஞ்சராகி நிக்கறார் சார், நான் ஓடணும். வெளிய நீல வண்டி நிக்குது, எடுத்துக்கங்க.”

“சாவி?”

“அதுலயே இருக்கும். இந்த ஊர்ல யாரும் சாவியை உருவறதில்ல.”

“வெளங்கிடும்!” என்று முணுமுணுத்தபடி, தெருவோரம் நின்ற நீல ஸ்கூட்டரில் ஏறினார் அவர்.

கலங்கரை விளக்கம் வரை போனார். படகுத்துறையைச் சுற்றினார். எதுவும் கண்ணில் ஏறவில்லை. பத்தே முக்காலுக்கு மருமகன் அழைத்தான்.

“மாமா, நர்ஸம்மா இன்னும் வரல. வீட்டை விட்டு எட்டரைக்கே கிளம்பிட்டாங்களாம். ரிங் போகுது, எடுக்கவே மாட்டேங்கறாங்க. இங்க வலி ரொம்ப அதிகமாயிடுச்சு.”

“பத்துன்னா பத்துக்கு வர வேணாமா? இரு, எங்க இருந்தாலும் பிடிச்சு இழுத்துட்டு வரேன்!”

ஊர் பார்க்க எடுத்த வண்டியில் ஊரையே சல்லடை போட்டுச் சலித்தார். வலை பின்னும் சந்தில் அவர் வண்டியை நிறுத்துமுன்பே ஒரு கர்ப்பிணி வாசலுக்கு வந்தாள்; அவர் முகத்தைக் கண்டதும் அவள் முகம் வாடிற்று.

“நர்ஸம்மா வரலியா?”

“அதை நான் உன்னைக் கேக்கணும்மா!”

அடுத்த தெருவில், காலில் கட்டுப் போட்ட ஒருவர் நொண்டி நொண்டி வெளியே வந்தார். “காலைலேருந்து கட்டு மாத்தக் காத்துக்கிட்டிருக்கேன் சார்.”

“பாதி ஊரைக் காக்க வச்சிருக்கா மகராசி!” என்று பல்லைக் கடித்தார் ஸ்டேஷன் மாஸ்டர். ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்கினார். அது சினம் மட்டுமன்று என்பது அவருக்கே தெரியும்.

பதினொன்றரைக்கு உப்பளச் சாலையில் அகப்பட்டார் நர்ஸம்மா. தோளில் கனத்த பை, கையில் அறுந்த செருப்பு. வேர்க்க விறுவிறுக்க நடந்துகொண்டிருந்தார்.

“நீங்கதான் நர்ஸா? மணி என்ன தெரியுமா? அங்க என் பொண்ணு துடிக்கறா, இங்க நீங்க காலாற நடந்துக்கிட்டிருக்கீங்க! போனை எடுத்தா கை தேஞ்சுடுமா? எங்க ரயில்வேயா இருந்தா இந்நேரம் சஸ்பெண்ட் பண்ணியிருப்பேன்!”

நர்ஸம்மா அவரைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டார்.

“மேட்டுத்தெருப் பொண்ணா? பின்னாடி தள்ளி உக்காருங்க. நான் ஓட்டறேன்.”

“இது என் பொறுப்புல இருக்கற வாடகை வண்டி…”

“உங்களுக்குக் குறுக்கு வழி தெரியாதுங்கய்யா. சண்டையை அப்புறம் வச்சுக்கலாம்.”

சந்துகளில் புகுந்து வண்டி பறந்தது. வழி நெடுகப் பின்னிருக்கையிலிருந்து அர்ச்சனை நடந்தது. நர்ஸம்மா ஹாரனை அழுத்தியபடி ஓட்டினார்.

பன்னிரண்டு ஐந்துக்கு, மூடிய கதவுக்கு அப்பால் ஒரு சின்னக் குரல் வீரிட்டது. பேத்தி.

“கொடி கழுத்தைச் சுத்தியிருந்துச்சு. இன்னும் கால் மணி போயிருந்தா சிக்கல்தான். இப்ப ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க” என்று கை துடைத்தபடி வெளியே வந்தார் நர்ஸம்மா.

ஸ்டேஷன் மாஸ்டர் கதவை நோக்கி ஓரடி வைத்தார்; மறுகணம் கோபம் திரும்பியது. “அப்ப அந்தத் தாமதத்துக்கு யார் பொறுப்பு? உங்க மேலதிகாரிக்கு எழுதத்தான் போறேன்!”

“மாமா, போதும்” என்றான் மருமகன். நர்ஸம்மா வாசலில் நின்ற வண்டியை நோக்கி நடந்தார்.

“நீ சும்மா இருப்பா! ஏம்மா, அந்த வண்டியை எங்க எடுக்கறீங்க? அதை நான் கடையில திருப்பிக் கொடுக்கணும்!”

நர்ஸம்மா வண்டிச் சாவியைத் திருகி இருக்கையைத் தூக்கினார். உள்ளே, குழந்தையின் எடை பார்க்கும் தராசின்மேல், ஒலி அடக்கிய ஒரு கைப்பேசி ஒளிர்ந்துகொண்டிருந்தது.

“உங்க மருமகன் முப்பத்தோரு தடவை கூப்பிட்டிருக்கார். காலைல அந்தக் கடைத்தெருவுல ஒரு நோயாளியைப் பாத்துட்டு வெளிய வந்தா, என் வண்டியைக் காணோம். பக்கத்துல இன்னொரு நீல வண்டி சாவியோட நின்னுச்சு. அவங்க வீட்டுல என்ன அவசரமோன்னு, அதைத் தொடாம நடந்தேன்.”

ஸ்டேஷன் மாஸ்டர் செருப்பைக் கழற்றினார். கண்மூடி, உதடுகள் மட்டும் அசைய, கூப்பிய கையோடு வெயிலில் நின்றார்.

“உள்ள போங்கய்யா. பேத்தி தீர்க்காயுசா இருப்பா” என்றார் நர்ஸம்மா, வண்டியைக் கிளப்பியபடி. “தாத்தா கோபம் மட்டும் அவளுக்கு வராம இருக்கட்டும்.”