மூன்றாவது கேள்வி

"ரெண்டு முட்டியும் செத்துப்போச்சு, திஹமேர். இந்தப் புதுச் செருப்பைச் செஞ்சவன் ஒருநாளும் நின்னு வேலை பார்த்திருக்க மாட்டான்."

ஓரோஸ் பிரோஷ்கா சுவரில் சாய்ந்து ஒரு காலைத் தூக்கிக்கொண்டாள். ஐம்பதைத் தாண்டியவள். மிஷ்கோல்ட்ஸ் நகரில் ஒரு தொழிற்பள்ளியில் இயற்பியல் நடத்தி நடத்தி, நின்றே தேய்ந்த கால்கள். இன்னும் சற்று நேரத்தில் புடாபெஸ்ட் பல்கலைக்கழகக் கூடத்தில், தன் முனைவர் ஆய்வுக்காக எல்லோர் முன்னாலும் வாதாட வேண்டும்.

"முட்டியை விடுங்க டீச்சர்," என்றான் திஹமேர். அவளுடைய வழிகாட்டி, அவளைவிட இளையவன். "கடைசி வரிசையில யாருன்னு பார்த்தீங்களா? ஜெர்மனியிலேர்ந்து பர்னா லெஹெல்."

"பார்த்தேன்."

"போன வருஷம் இவன் கேட்ட கேள்வியில ஒருத்தர் கட்டுரையையே வாபஸ் வாங்கிட்டார். சபையில யார் வேணாலும் கேக்கலாம்னு விதி வேற. தேர்வுக்குழுத் தலைவர்கிட்ட சொல்லி நேரத்தைக் குறைக்கச் சொல்லவா?"

"வேண்டாம். நல்லாக் கேக்கட்டும். டீச்சரம்மாவுக்கு யாரோ கணக்குப் போட்டுக் குடுத்திருக்காங்கன்னு பாதிப் பேர் பேசறாங்க. இன்னிக்கு என் வாயிலேர்ந்து பதில் வரணும். இல்லைன்னா பட்டம் வாங்கியும் பிரயோஜனமில்லை."

கூடம் நிறைந்திருந்தது. பிரோஷ்கா சுற்றி வளைக்காமல் சொன்னாள். அணுக்கருவின் உள்ளே மேல், கீழ் என்று இரண்டு வகைக் குவார்க்குகள். இரண்டும் சமமாக இருக்கும்வரை ஒன்றுமில்லை. ஒரு பக்கம் எடையை ஏற்றிக்கொண்டே போனால், ஓர் எல்லைக்கு மேல் பையான் என்ற துகள்கள் கூட்டமாக வந்து ஒரே நிலையில் குவிந்துவிடும். அந்த எல்லைக் கோட்டைத்தான் பள்ளி முடிந்த மாலைகளில் கணிப்பொறியோடு மல்லுக்கட்டி வரைந்திருந்தாள்.

லெஹெல் எழுந்தான். முகத்தில் சிரிப்பே இல்லை.

"உட்கார்ந்தே பதில் சொல்லலாம், மேடம்."

"நின்னே சொல்றேன்."

"சரி. எடை வித்தியாசம் பையான் நிறையில பாதி வந்ததுமே குவியல் ஆரம்பிக்கணும். உங்க படத்துல முழு நிறைக்கு வந்தப்புறம்தான் ஆரம்பிக்குது. முதல் படத்துலேயே ரெண்டு மடங்கு தப்பு."

கூடத்தில் முணுமுணுப்பு. திஹமேர் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"தப்பில்ல. ரெண்டு குவார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தை நான் அப்படியே எடுக்கறேன். உங்க ஆளுங்க அதுல பாதியை எடுக்கறாங்க. உங்க கையில முழுப்படி, என் கையில அரைப்படி. எண்ணிக்கைதான் ரெண்டு மடங்கு. மாவு ஒண்ணுதான்."

சிலர் சிரித்தார்கள். லெஹெல் சிரிக்கவில்லை.

"குவியல் வரணும்னு சமன்பாட்டுல நீங்களே ஒரு முட்டுக் குடுத்திருக்கீங்க. முட்டுக் குடுத்தா எதுவும்தான் நிக்கும்."

"எங்கப்பா நிலக்கரிச் சுரங்கத்துல முட்டுக்கட்டை வச்சவர். கட்டையை உருவினப்புறமும் கூரை நிக்குதாங்கறதுதான் கேள்வின்னு எனக்குத் தெரியும். அடுத்த படத்தைப் பாருங்க. கொஞ்சம் கொஞ்சமா உருவி, சுழி வரைக்கும் கொண்டுபோயிருக்கேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் கூரை விழுது. அந்தப் பக்கம் அப்படியே நிக்குது."

லெஹெல் படத்தில் கோட்டின் மேல் முனையைக் கைகாட்டினான்.

"எடையை இன்னும் ஏத்தினா, பையானெல்லாம் கரைஞ்சு குவார்க் ஜோடிகளா மாறிடும்னு சொல்றாங்க. அதுக்கும் ஒரு கோடு உண்டா? இல்ல, பால் தயிராகற மாதிரி சத்தமில்லாம நடக்குதா?"

பிரோஷ்கா மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியாது. அவ்வளவு தூரம் நான் போகல. போயிட்டு வந்து சொல்றேன்."

"வேற கேள்வி இல்ல," என்று உட்கார்ந்தான்.

தேர்வுக்குழு வெளியே போய்த் திரும்பி வந்தது. பட்டம் உண்டு, ஒருவர்கூட மறுக்கவில்லை. "இவ்வளவு கேள்விக்கப்புறம் இது யார் போட்ட கணக்குன்னு இனிமே ஒருத்தரும் வாயைத் திறக்க முடியாது," என்றார் தலைவர். பிரோஷ்கா தலையை நிமிர்த்தியே கேட்டுக்கொண்டாள்.

வராந்தாவில் உப்பு ரொட்டியும் ஒயினும் வைத்திருந்தார்கள். திஹமேருக்கு இன்னும் ஆறவில்லை.

"ஈவு இரக்கமில்லாத பய, டீச்சர். பெத்தவங்க என்னத்தைச் சொல்லி வளர்த்தாங்களோ."

"கண்டிப்பாத்தான் வளர்த்திருப்பாங்க," என்றாள் பிரோஷ்கா, ரொட்டியைக் கடித்தபடி.

லெஹெல் வருவதைப் பார்த்ததும் திஹமேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்ந்தான். லெஹெல் அவள் காலடியில் மண்டியிட்டான். பையிலிருந்து பழைய வீட்டுச் செருப்பு ஒரு ஜோடியை எடுத்து வைத்தான். புதுச் செருப்பின் வாரைக் கழற்றினான்.

"மத்தவங்களைக் கேக்கற மாதிரியே கேக்கச் சொன்னீங்க. கேட்டேன்," என்றான் நிமிராமலே. "மூணாவதுக்குப் பதில் வரல."

"வரும்டா. உன்னையே பத்து மாசம் சுமந்தேன், இதைச் சுமக்க மாட்டேனா?"

வீங்கிய கால்களைச் செருப்புக்குள் நுழைத்துவிட்டு, மகன் தலைமுடியைக் கலைத்தாள். அவனுக்கு ஒரு பதில் இன்னும் பாக்கி.