தலைவர் உட்காரவில்லை

அவர் எழுந்ததும் அரங்கமே எழுந்தது.

உலக வளையப்பந்து சம்மேளனத்தின் தலைவர். திருப்பூரில் பாதிப் பேருக்கு அப்படியொரு விளையாட்டு இருப்பதே தெரியாது. அங்கே சாயப்பட்டறை முதலாளி என்றால்தான் தெரியும். இங்கே ஜெர்மனியில், உலகப் போட்டியின் தொடக்க விழாவில், அவர் நின்றால் வந்திருக்கும் அத்தனை நாட்டுக்காரர்களும் நிற்பார்கள்.

போன மாதம் காலமான பழைய செயலாளருக்கு மௌன அஞ்சலி. தலைவர் உட்கார்ந்தால் அஞ்சலி முடிந்தது என்று பொருள். அதுதான் அவர்கள் வழக்கம்.

எழுவதற்குச் சற்று முன்புதான் பட்டறை மேனேஜர் போன் செய்திருந்தார்.

"பாய்லர் வெடிச்சிருச்சுங்க. சின்னவரு உள்ளதானுங்க இருந்தாரு. பாத்துட்டு உடனே கூப்புடறனுங்க."

சின்னவர் என்றால் தம்பி. அண்ணன் ஊர் ஊராகப் போய்க் கோப்பை கொடுத்துக்கொண்டிருக்க, பட்டறையைக் கட்டிக்கொண்டு மாரடித்தவன். பாய்லரை மாற்றிவிடலாம் என்று தை மாதமே சொன்னவன். போட்டி முடியட்டும், பார்க்கலாம் என்றது இவர்தான்.

தலை குனிந்து நின்றார்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

எடுக்கவில்லை. அஞ்சலியின்போது எந்தத் தலைவன் போன் எடுப்பான்? மரியாதையெல்லாம் இல்லை, வெறும் பயம். எடுக்காத வரை தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதிர்வு நின்றது. மறுபடி அதிர்ந்தது.

உட்கார வேண்டிய நேரம் எப்போதோ கடந்துவிட்டது. பின்வரிசையில் யாரோ செருமினார்கள். பெரிய மனிதர் நிற்கும்போது யார் முதலில் உட்காருவது?

முருகா, என்னை உட்கார வைத்துவிடாதே என்று கெஞ்சினார்.

கண்ணீர் கோட்டில் சொட்டியது.

முன்வரிசையிலிருந்து செயலாளரின் மனைவி வந்தார். வயதான வெள்ளைக்கார அம்மாள். தன் கணவருக்காக ஒருவர் இப்படி அழுவார் என்று அந்த அம்மாள் நினைத்தே பார்த்திருக்கவில்லை, பாவம். தலைவரின் கையைப் பற்றிக்கொண்டார்.

போன் விடுவதாயில்லை.

கடைசியில் எடுத்தார். தன் காதில் வைக்கத் தைரியம் வரவில்லை. அந்த அம்மாளின் காதில் வைத்தார்.

தமிழில் ஒரு சொல்லும் தெரியாதவர். அந்தப் பக்கத்திலிருந்து வந்ததைக் கடைசிவரை கேட்டார்.

பிறகு, தலைவரின் தோளைப் பிடித்து, மெல்ல நாற்காலியில் உட்கார வைத்தார்.