தொட்டுக் கும்பிட ஒரு கம்பி

இன்னும் ஒரு படம் கெட்டால் சௌந்தரவல்லியின் இடத்தில் இயந்திரக் கையை வைத்துவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார். அவள் கம்பி கட்டும் வேலைக்குச் சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

அந்த மின்நிலைய ஆய்வுக்கூடத்தில், தலைமுடியைவிட மெல்லிய எட்டுக் கம்பிகளைக் கட்டி, மின்சாரம் பாய்ச்சி வெடிக்க வைப்பார்கள். கம்பிகள் பிளாஸ்மா எனும் மின்னேற்ற வாயுவாக மாறும் கணத்தை எக்ஸ்-கதிர் படம் பிடிக்கும். இரண்டு நாளும் காலையின் முதல் படத்தில், முதல் கம்பி மட்டும் நடுவில் வீங்கியிருந்தது.

படங்களைச் சரிபார்க்கும் ஹபீபா மூன்றாம் நாள் காலையில் நேரே அவளிடம் வந்தாள்.

"அக்கா, இது விரல் பட்ட இடம். கையுறையைக் கழற்றினீங்களா?"

சௌந்தரவல்லி தலைகுனிந்தாள். "இருபது வருஷம் பஸ் ஓட்டினேம்மா. ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்காம ஒருநாளும் வண்டி எடுத்ததில்ல."

"பஸ் வீங்காதுக்கா. இது வீங்குதே!"

இருவரும் சிரித்துவிட்டார்கள். ஹபீபா சுருளிலிருந்து விரல் நீளக் கம்பியை வெட்டி, ஒரு வெள்ளை அட்டையில் ஒட்டி மேசை ஓரத்தில் வைத்தாள்.

"இதுவும் அதே கம்பிதான். இதைத் தொட்டுக் கும்பிட்டுட்டு, கையுறை போட்டுக்கிட்டு அதைக் கட்டுங்க."

அன்றைய முதல் படத்தில் எட்டுக் கம்பிகளும் ஒரே சீராகத் தெரிந்தன. மேலாளர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அட்டையைப் பற்றிக் கேட்டார். ஹபீபா மறைக்காமல் சொன்னாள். அவர் அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.

மறுநாள் சௌந்தரவல்லி வந்தபோது மேசை முன்னால் மேலாளர் நின்றிருந்தார். அட்டையைத் தொட்ட விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும்வரை அவள் வாசலிலேயே காத்திருந்தாள்.