சுருண்ட கொழுந்து

சுங்கை பினாங் அடுக்குமாடிக்குப் பின்னால், மழை விட்ட வெயிலில் சுலைஹாவின் பயத்தங்கொடிகள் நிற்கின்றன. கொழுந்துகள் பிறந்த பிள்ளையின் விரல்களைப் போல மடங்கிச் சுருண்டிருக்கின்றன. ஒன்றை அவள் விரித்துப் பார்க்கிறாள். விட்டதும் மறுபடி சுருள்கிறது. "பூச்சியும் இல்ல அண்ணே. என் கைதான் ராசியில்ல லா," என்கிறாள். ஆரோக்கியநாதன் மண்ணைப் பார்க்கிறார். அதில் கறுத்துக் கிடக்கும் ஆட்டுப் புழுக்கை, பாலிக் புலாவில் உள்ள தன் ஆட்டுப் பண்ணையிலிருந்து அவரே ஆசையாகக் கொண்டுவந்து கொட்டியது. ஆடுகள் மேயும் புல்லில், அகன்ற இலைக் களைகளை மட்டும் கொல்லும் மருந்தை அடித்ததும் அவர்தான். புல் வாடவில்லை, ஆடுகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆட்டு வயிற்றுக்குள் போனபின் மருந்தாவது மண்ணாங்கட்டியாவது என்று இருந்துவிட்டார். புல்லோடு உள்ளே போனது புழுக்கையோடு அப்படியே வெளியே வந்து செடியைச் சுருட்டும் என்று மருந்துக் கடைக்காரர் நேற்றுதான் சொன்னார். அதைச் சுலைஹாவிடம் சொல்லத்தான் ஆரோக்கியநாதன் வந்திருக்கிறார். புழுக்கை போடாத மூலையில் மிளகாய்ச் செடி தளதளவென்று நிற்கிறது. அதைக் காட்டக் கையை நீட்டுகிறார். சுலைஹா, புழுக்கை வந்த அவருடைய காலிச் சாக்கை உதறி, நான்காக மடித்து, அவர் கையில் வைக்கிறாள். "மண்ணுக்குச் சத்து பத்தல போல. அடுத்த வாட்டி இன்னொரு மூட்டை கொண்டாங்கண்ணே." "சரிம்மா," என்கிறது அவர் வாய்.